சமைப்போர் மனமறிந்து செய்வோம்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமையற் குறிப்புகளை மக்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கைப்பேசிச் செயலியைப் பற்றிப் பேசவிருக்கிறோம். ஏரும் எருவும் பேசவேண்டிய அவையில் அடுப்பங்கரைப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். வயலில் விளைந்தது உலையில் ஏறினால்தான் விளைவித்தவருக்கு விலையும் உண்பவருக்கு நலமும் உண்டு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கேழ்வரகும் கம்பும் சாமையும் பயிரிடுங்கள் என்று உழவர்க்குச் சொல்லுகிறோம். அவற்றைச் சமைக்கும் முறையை இளந்தலைமுறை அறியாவிட்டால், விளைச்சலை வாங்குவார் யார்? 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆதலின் இது பொழுதுபோக்குப் பேச்சு அன்று.

செயலி ஒன்றைச் செய்து வெளியிடுவது எளிது. மக்கள் அதனை விரும்பி நாள்தோறும் கையாளச் செய்வதே அரிது. ஊரார் தேவையைக் கேளாமல் வெட்டிய கிணறு பாழ்படுவதுபோல, பயன்படுத்துவோரைக் கேளாமல் செய்த செயலியும் கைப்பேசியின் மூலையில் உறங்கும். பயன்படுத்துவோரின் தேவையையும் பழக்கத்தையும் ஆராய்ந்தறிதலே ‘பயனர் ஆய்வு’ எனப்படுவது.

ஜப்பான் நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். அகிமித்சு சானோ என்பவர் 1997இல் ஒரு நிறுவனம் தொடங்கி, மறு ஆண்டில் வீட்டுச் சமையற் குறிப்புகளைப் பகிரும் இணையதளம் ஒன்றை அமைத்தார். 1999இல் அது ‘குக்பேட்’ என்னும் பெயர் பெற்றது. அதில் குறிப்பு எழுதியவர்களுள் மிகப் பலர் வீட்டில் அன்றாடம் சமைப்பவர்கள். அவர்களை மீண்டும் மீண்டும் எழுதத் தூண்டுவது எது? தாம் எழுதியதைப் பிறரொருவர் செய்து பார்த்தார் என்னும் மகிழ்ச்சியே. அத்தளத்தில் ‘த்சுக்குரெப்போ’ என்றோர் ஏற்பாடு உண்டு. ‘செய்து பார்த்த செய்தி’ என்பது அதன் பொருள். குறிப்பைக் கண்டு சமைத்தவர், தாம் ஆக்கிய உணவைப் படம் எடுத்து, இரண்டொரு சொற்களில் எழுதியவருக்கே அனுப்புவார். எழுதியவருக்கு அது பாராட்டு. புதிதாகப் பார்ப்பவருக்கோ, ‘இது நம் கைக்கும் வரும்’ என்னும் துணிவு.

எந்தப் பருவத்தில் எந்தக் காய்க்குரிய சமையலை மக்கள் தேடுகின்றனர் என்னும் கணக்கும் அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. உணவுப்பொருள் செய்வோரும் விற்போரும் அக்கணக்கை விலைகொடுத்துப் பெற்றனர். இங்கே உழவர் பெருமக்கள் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது: அடுப்பங்கரையின் விருப்பம் அறிந்தால் சந்தையின் போக்கும் தெரியும். ஆயினும் ஒருமுறை அறிந்தது எக்காலத்துக்கும் போதாது. 2016ஐ ஒட்டி அந்நாட்டில் சமையலைக் காணொளியாகக் காட்டும் செயலிகள் தோன்றவே, எழுத்துக் குறிப்புகளுக்குக் கடும் போட்டி ஏற்பட்டது. மக்கள் பழக்கம் மாறுந்தோறும் ஆய்வும் புதுப்பிக்கப்படல் வேண்டும்.

இனி, ஆய்வு செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலாவது, கேட்பதைவிடக் காண்பது நன்று. ‘செயலி பிடித்திருக்கிறதா?’ என்று வினவினால், வீடு தேடி வந்தவர் மனம் நோகாதிருக்க, ‘நன்றாயிருக்கிறது’ என்றே நம் மக்கள் சொல்லுவர். அதற்கு மாறாக, அவர்கள் சமைக்கும் நேரத்தில் இசைவு பெற்று அருகிருந்து காணுங்கள். கையெல்லாம் மாவாயிருக்கும்போது கைப்பேசித் திரை அணைந்துவிடுகிறதா? ‘200 கிராம்’ என்று குறிப்பில் இருக்க, வீட்டில் ஆழாக்கும் தம்ளரும்தாம் உள்ளனவா? எழுத்தைப் படிக்கின்றாரா, பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கின்றாரா? இவை வினாத்தாளில் அகப்படாதவை.

இரண்டாவது, கைப்பேசி யாருடையது என்று அறிதல் வேண்டும். முன்னர்க் கூறிய தேசிய ஆய்விலேயே, தாமே கையாளும் கைப்பேசி உடையவர்கள் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் என்று காண்கிறோம். கைப்பேசி கணவனோடோ மகனோடோ வெளியே சென்றுவிடும் வீட்டில், நண்பகற் சமையலுக்கு அச்செயலி எவ்வாறு உதவும்? அவர்களுக்குக் குழுக் கூட்டத்தில் காட்டுவதே தக்கது.

மூன்றாவது, பெருங்கூட்டம் தேவையில்லை. ஐந்து பேர் கையாளுவதைக் கூர்ந்து கண்டாலே குறைகளுள் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும் என்பது இத்துறை அறிஞர் யாக்கோபு நீல்சன் 2000இல் எழுதிய கருத்து. ஐவரைக் கண்டு, திருத்தி, மீண்டும் ஐவரைக் காணுதல் சிறந்தது. அவ்வைவருள் முதியவரும் புதுமணப் பெண்ணும், கூலி வேலைக்குச் செல்பவரும் ஊர்க்கோடியில் வாழ்பவரும் இடம்பெறல் வேண்டும். வசதி மிக்க வீடுகளை மட்டும் கண்டு ஊர் முழுமைக்கும் முடிவு செய்தல் தவறாகும்.

நான்காவது, அளவுகோல் நேரியதாயிருத்தல் வேண்டும். எத்தனை பேர் திறந்து பார்த்தனர் என்பது பெருமைக்குரிய கணக்கன்று. எத்தனை பேர் உலை வைத்தனர், எத்தனை பேர் மறுவாரமும் அதையே செய்தனர், குழந்தைகள் உண்டனரா என்பனவே உண்மையான ஈடுபாட்டைக் காட்டும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிறர் அடுப்பங்கரைக்குள் நுழைவது சிறிய செயலன்று. இசைவின்றிப் படம் எடுத்தலும், வீட்டின் வறுமையை வெளியே பேசுதலும் கூடா. தனிமனிதர் தரவைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியுள்ளது. பாட்டி ஒருவர் சொன்ன குறிப்பை வெளியிடுங்கால், அவர் இசைந்தால், அவர் பெயரையும் சேர்த்து வெளியிடுதலே முறை.

பெருமக்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மகளிர் குழுவினர் இருவர், ஒரு குறிப்பேடு, ஐந்து வீடுகள், ஒரு வார காலம், இவை போதும். கண்டவற்றைக் குழுவில் படித்துப் பேசி, செயலி அமைப்போர்க்கு எழுதுங்கள். நம் ஊர்க் கம்பங்கூழும் சாமைச் சோறும் மறதியில் மறையாமல் பிள்ளைகளின் தட்டில் மீண்டும் இடம்பெற இதுவும் ஒரு வழியாகும். சமைப்போர் சொல்லுக்குச் செவிசாய்ப்போம். அவர்கள் சொல்லாததையும் கண்டறிவோம். அதன்பின் கருவி செய்வோம்.