ஒதுக்கி வைத்தல் நம் வழியன்று

 

கல்விச் சங்கத்தின் மேடையில் மனநோயைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஊருக்கு வெளியே நிறுத்தப்படுவதன் வேதனையை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்? 1927இல் மகாத் நகரின் பொதுக்குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகியது, ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை உடைப்பதற்கே. அவ்வழி வந்த நாம், மனநோயுற்ற நம்மவரைப் 'பைத்தியம்' என்று இழிபெயரிட்டு வீட்டின் பின்கட்டில் அடைத்து வைக்கலாமா?

2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் கருகினர். மாண்டவர் 28 பேர். இத்தகைய இடங்களில் நோயாளிகளைக் கொண்டுபோய் விடுவோர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் வேறு வழி அறியாத பெற்றோரும் உடன்பிறந்தோருமே.

இன்று வழி உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. சமூகத்தினின்று பிரிக்கப்படாமல் வாழும் உரிமையை வழங்குகிறது. சிகிச்சையில் சாதி வேற்றுமை கூடாது என்றும் கூறுகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உடையவர் எனச் சான்று பெற்றோர்க்கு அரசுப் பணி இடஒதுக்கீட்டிலும் பங்குண்டு. 1984இல் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், மருந்தோடு மறுவாழ்வுப் பயிற்சியும் அளித்து வருகிறது.

ஆயினும், சட்டம் தானே வந்து கதவைத் தட்டாது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. தினக்கூலி பெறும் ஒப்பந்தத் தொழிலாளி மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போயிற்று. இரவு ஷிப்ட் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கம் கெட்டால் அடங்கியிருந்த நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். சற்றுத் தெளிந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு மறுபடியும் வீழ்வோர் பலர்.

எனவே, தெருவுக்கு இருவர் வேண்டும். நோயுற்றவருடன் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மருந்து தீருமுன் நினைவூட்ட வேண்டும். சான்றிதழ் பெற உதவ வேண்டும். பகல் ஷிப்ட் கேட்டு மேலாளரிடம் பேச வேண்டும். இவையனைத்தும் அவருடைய ஒப்புதலோடு நடக்க வேண்டும். அவர் மறைக்க விரும்புவதை எவரிடமும் கூறலாகாது. மனம் கலங்கியோர்க்கு 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணையும் அறிவியுங்கள்.

திருமணத்திற்கும் சாவுக்கும் கூடும் நாம், மனநோய் புகுந்த வீட்டிற்கும் செல்வோம். கற்ற கல்வி அண்டை வீட்டாரைக் காக்கட்டும். இப்பணிக்கு இளைஞர்கள் இன்றே முன்வர வேண்டுகிறேன். ஜெய் பீம்!