மேலே ஒரு கண், கீழே நம்ம கணக்கு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கடியப்பட்டணம் குழு உறுப்பினர் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லை. குழுக்கூட்டத்தில் தீர்மான நோட்டு எழுதுவதோடு சரி. பத்தாம் வகுப்பு வரைதான் படிச்சிருக்கேன். "உங்க மாமிக்கு நடந்ததை வந்து சொல்லு, மற்ற குழுக்களுக்கும் உதவும்" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

ட்ரோன் நமக்குப் புதுசு இல்லை. கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் வண்டு மாதிரி இரைஞ்சுகிட்டு தலைக்கு மேலே சுத்தும். பிள்ளைகள் கை காட்டிக்கிட்டே பின்னால் ஓடும். அது படம் பிடிக்கத்தான் என்று நானும் நினைச்சிருந்தேன். ஒரு ரோட்டில் யார் நடக்கிறாங்க, எங்கே நிற்கிறாங்க, எங்கே வண்டி மாட்டிக்கிடுது என்று கணக்கெடுக்கவும் அதைப் பறக்க விடுறாங்க என்பது பிறகுதான் தெரிஞ்சது.

எங்க மாமி இருபது வருஷத்துக்கும் மேலே மீன் விற்கிறாங்க. விடியக்காலம் கரையில் ஏலம் எடுத்து, சருவத்தில் ஐஸ் போட்டு, டெம்போவில் ஏறி ஒரு ஜங்ஷனில் போய் இருப்பாங்க. ஊர் பேர் வேண்டாம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு வாகை மரம். அந்த நிழலில் மாமியோடு சேர்த்து ஏழு பேர். சாளை, அயிலை, நெத்திலி, அன்னைக்குக் கரையில் என்ன கிடைச்சதோ அது. என் மகள் ஸ்கூல் ஃபீஸும் குழுவில் வாங்கின கடனும் அந்தச் சருவத்தில் இருந்துதான் அடைஞ்சது.

ஒரு திங்கட்கிழமை மாமி போனப்போ, அவங்க இருக்கிற இடத்தில் சிவப்பு பெயிண்டில் கோடு போட்டிருந்தது. ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம். அளக்க வந்தவங்களிடம் கேட்டதுக்கு, "ட்ரோன் விட்டுப் பார்த்தாச்சு, இந்த இடம் சும்மாதானே கிடக்கு, யாரும் இல்லையே" என்று சொல்லியிருக்காங்க. எப்போ விட்டீங்க என்று மாமி கேட்டாங்க. "நேத்து காலையில்" என்று பதில்.

நேத்து ஞாயிற்றுக்கிழமை! நம்ம கரையில் ஞாயிற்றுக்கிழமை யாராவது கடலுக்குப் போவாங்களா? மாமி வீட்டுக்கு வந்து, "மக்ளே, நான் இருபது வருஷம் இருந்த இடத்தில் ஒரு நாள் இல்லாததைப் பார்த்து இல்லைன்னு எழுதிட்டானுவளே" என்று சொல்லி அழுதாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க சாப்பிடவே இல்லை.

என் அக்கா மகன் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனிடம் கேட்டேன். அவன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மேலே இருந்து எடுத்த வீடியோவை கம்ப்யூட்டரில் போட்டால், ஒவ்வொரு ஆளும் வண்டியும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எங்கே இருந்து எங்கே போகுது, எவ்வளவு நேரம் நிற்குது என்று கம்ப்யூட்டரே கோடு போட்டுத் தரும். கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் நகரத்தில் 2018-ல் 10 ட்ரோன்களை ஒரே நேரத்தில் பறக்க விட்டு, நகரத்தின் நடுப்பகுதியில் காலை நேர நெரிசலைப் பல நாள் படம் பிடிச்சாங்களாம். கார், பஸ், பைக் ஒவ்வொன்றும் போன தடம் கிடைச்சது. எந்த இடத்தில் நெரிசல் தொடங்குது என்று கண்டுபிடிக்க இது நல்ல வழிதான். நான் ட்ரோனைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அதுக்கும் குறை உண்டு. நம்ம கல்யாண வீட்டில் பறக்கிற மாதிரி ட்ரோனுக்குக் கொஞ்ச நேரத்தில் பேட்டரி தீர்ந்துடும். மரத்துக்கு அடியில் இருக்கிறவங்களை மேலே இருந்து பார்க்க முடியாது. அதுக்கு இலைதான் தெரியும். வெயிலில் வியாபாரம் செய்கிறவங்க எங்கே இருப்பாங்க? நிழலில்தானே. குடை பிடிச்சால் குடைதான் தெரியும். அந்தக் குடைக்குக் கீழே இருக்கிறவள் விதவையா, கடன்காரியா, எத்தனை பிள்ளைக்குச் சோறு போடுறாள் என்று எந்த ட்ரோனுக்கும் தெரியாது.

ட்ரோன் வருவதுக்கு ரொம்ப காலம் முன்னாலேயே ஒருத்தர் இந்த வேலையைச் செஞ்சிருக்கார். அமெரிக்காவில் நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர். 1970 வாக்கில் தொடங்கி, கட்டடங்களுக்கு மேலே கேமரா வைத்தும், கீழே நோட்டும் பேனாவுமாக நின்றும், ஜனங்க தெருவிலும் சதுக்கத்திலும் என்ன செய்றாங்க என்று வருஷக்கணக்கில் பார்த்தார். அவர் கண்டுபிடிச்சதில் ஒண்ணு, உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஜனம் உட்காரும் என்பது. இதுக்குப் போய் ஆராய்ச்சியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதை எண்ணி எழுதிக் காட்டின பிறகுதான் அந்த ஊர் அதிகாரிகள் ஒத்துக்கிட்டு விதியையே மாத்தினாங்களாம்.

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. எண்ணத்தான் நமக்குத் தெரியுமே! சந்தா, சேமிப்பு, கடன், வட்டி என்று பைசா பிசகாமல் கணக்கு எழுதுறவங்கதானே நாம. எங்க குழுவில் ஆறு பேர் முறை வச்சுக்கிட்டோம். ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணி வரை. ஒரு நாற்பது பக்க நோட்டு. மரத்தடியில் யார் யார் இருக்கிறாங்க, மீன் வாங்க எத்தனை பேர் வர்றாங்க, பஸ்ஸுக்கு எத்தனை பேர் நிற்கிறாங்க, பள்ளிப் பிள்ளைகள் எங்கே ரோட்டைக் கடக்கிறாங்க என்று மணிக்கு மணி கோடு போட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மரத்தடி காலி என்றுதான் எழுதினோம். பொய் எழுதவில்லை. அந்த ஒரு பக்கமும் மற்ற ஆறு பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், யாருக்கும் விளங்கிடும்.

அப்புறம் சட்டத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம். தெரு வியாபாரிகளுக்காக 2014-ல் ஒரு மத்திய சட்டம் வந்திருக்கு. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 5 வருஷத்துக்கு ஒரு தடவையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்கணும். கணக்கெடுப்பு முடிஞ்சு சான்று கொடுக்கிறதுக்கு முன்னால் யாரையும் அகற்றக் கூடாது. அதுக்கான விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும். அதில் மூணில் ஒரு பங்கு பெண்கள். இது தானமா வந்த இடம் இல்லை, உரிமை. தெரியாததால்தான் சருவத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுறோம்.

நோட்டையும் மனுவையும் ஏழு பேர் கையெழுத்தோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். மூணு பேர் கைநாட்டு. இரண்டு வாரம் கழிச்சு ஒரு அதிகாரி, வேலை நாளில், காலை ஒன்பது மணிக்கு நேரில் வந்து பார்த்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து, "இதை யார் எழுதினது?" என்று கேட்டார். எல்லாருமா சேர்ந்து என்று சொன்னோம். மரத்தை வெட்டாமல், பஸ் ஸ்டாப்புக்கு அடுத்து இவங்களுக்கு இடம் விடலாம் என்று சொல்லிட்டுப் போயிருக்கார். எழுத்தில் இன்னும் வரவில்லை. அதனால் ஜெயிச்சுட்டோம் என்று நான் சொல்ல மாட்டேன். மாமி இன்னைக்கும் அந்த மரத்தடியில்தான் இருக்கிறாங்க. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இன்னொரு விஷயம். நம்ம ஊரில் கூரை இல்லாத மறைப்பில் குளிக்கிற வீடுகள் உண்டு. மேலே ஒரு கண் பறக்கும்போது நமக்குப் பயம் வரும். 2021-ல் ட்ரோனுக்கு விதிகள் வந்திருக்கு. 250 கிராமுக்கு மேலே எடை உள்ளதுக்குப் பதிவு வேணும், அதைத் தொழிலுக்காக ஓட்டுகிறவருக்குச் சான்று வேணும். ஆகவே "யார் விடுறீங்க, எதுக்கு, எந்த நாள்?" என்று கேட்கத் தயங்காதீங்க. மேலே பறக்கிறதை நம்ம பெண்களும் ஓட்டலாம். குழுப் பெண்களுக்கு விவசாய ட்ரோன் கொடுத்துப் பயிற்சி தர 2023-ல் மத்திய அரசு திட்டம் அறிவிச்சது, நாடு முழுக்க 15,000 குழுக்களுக்கு. நம்ம பிள்ளைகள் அதைப் படிக்கட்டும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க ஊரில் ரோடு, சந்தை, பஸ் ஸ்டாண்ட் எது மாறப் போகுதுன்னாலும், பெயிண்ட் கோடு விழுறதுக்கு முன்னாலேயே ஒரு நோட்டு வாங்கி ஒரு வாரம் எண்ணி வையுங்க. நாற்பது பக்க நோட்டுக்குப் பெரிய செலவு இல்லை. நம்ம கணக்கை நாம எழுதாட்டா, நாம இல்லாத நாளைப் பார்த்து வேற யாராவது எழுதிடுவாங்க.