முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

மருத்துவத் தவறு என்றதும் வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்த செய்திதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மாற்றி ஏற்றிய ரத்தம், தவறான மருந்து இவையும் உண்டு. ஆனால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் தவறுதான்.

1996-இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. பிறந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடக்கூடும். ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு யாரும் கண் பரிசோதனை செய்யவில்லை. பெற்றோரிடமும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூலையில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. அப்போது அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய பார்வை அது. அதுதான் மனத்தை அறுக்கிறது.

உங்கள் வீட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் இன்னும் முன்பே. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.