அரங்கம் என்னும் பெயரே ஓர் எச்சரிக்கை

  

ஆற்றிடைக்குறைக்குத் தமிழர் இட்ட பெயர் அரங்கம். துருத்தி என்பதும் அதுவே. வடக்கே கொள்ளிடமும் தெற்கே காவிரியும் சூழ நிற்கும் இவ்வூரைத் திருவரங்கம் என்றனர் நம் முன்னோர். பெயரை வடமொழிச் சாயலில் 'சீரங்கம்' ஆக்கிய நாளில், நாற்புறமும் நீர் என்று அப்பெயர் உரைத்த பொருளையும் மறந்தோம்.

நத்தம் என்றால் குடியிருப்பு நிலம். படுகை என்றால் ஆறு பெருகுங்கால் பரந்து படியும் நிலம். கொள்ளிடம் என்றால் மிகைநீரைக் கொள்ளும் இடம். எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டலாகாது என்னும் நெறி இச்சொற்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. சொல்லை இழந்தவன் நிலத்தை அறியும் அறிவையும் இழக்கின்றான்.

கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்ந்தது. அதனால் நீரெல்லாம் அங்கே சென்று, காவிரி தூர்ந்து, தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியது அதனைத் தடுக்கவே. எனினும் ஆறு தன் இயல்பை விடுவதில்லை. 2018 ஆகத்து 22 இரவு அவ்வணையின் 45 மதகுகளில் ஒன்பதை வெள்ளம் அடித்துச் சென்றது. பின்னர்ப் புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று.

காவிரி மட்டுமே திருச்சிராப்பள்ளியை மூழ்கடிப்பதன்று. 1977 நவம்பர்ப் புயல்மழையில் கோரையாறும் குடமுருட்டியும் உய்யக்கொண்டான் வாய்க்காலும் கரைமீறி மாநகருக்குள் புகுந்தன. 2005 நவம்பரிலும் பல குடியிருப்புகள் நீரில் நின்றன. நீர் புதுவழி தேடி வந்ததா? இல்லை! தன் பழைய வழியிலேயே வந்தது. இடையில் நாம்தாம் சுவர் எழுப்பியிருந்தோம்.

சட்டம் இல்லையா? உண்டு. நில வன்கவர்தலைத் தடுக்க 1905-லேயே சட்டம் வந்தது. நகர ஊரமைப்புச் சட்டம் 1971-இல் வந்தது. ஏரிகளைக் காக்கும் சட்டம் 2007-இல் வந்தது. ஒருங்கிணைந்த கட்டட நெறிமுறைகள் 2019-இல் வந்தன. வெள்ளம் தேங்கும் மனைக்கு நீர்வளத் துறையின் ஒப்புதலும் வேண்டும். இத்தனை இருந்தும் வெள்ளம் ஏன் வீட்டிற்குள் வருகின்றது?

சட்டம் அலுவலகப் பேழைக்குள் கிடக்கின்றது. மனை விற்பவனின் வண்ணத்தாளோ தெருவெங்கும் பறக்கின்றது. மனை வாங்கும் எளிய மகன் படித்தறியத்தக்க தெளிந்த தமிழில் இந்நெறிமுறைகள் அவன் கையை எட்டுவதில்லை. வாழ்நாள் ஈட்டத்தைக் கொட்டி அவன் வாங்குவது வீடன்று, வாய்க்காலின் வயிறு!

மற்றொன்றும் கூறவேண்டும். கரையோரக் குடிசையைப் பிரித்தெறிய வண்டி விரைந்து வருகின்றது. ஓடையை மறித்த மாடிக்கோ ஓலைமேல் ஓலை போகின்றதேயன்றி வண்டி போவதில்லை. இது முறையன்று. கூலித் தொழிலாளி ஆற்றோரம் குடியேறியது விரும்பியன்று. மேட்டு நிலம் அவனுக்கு எட்டாமையால். அவனை எழுப்புமுன், அவன் தொழிலுக்கு அணித்தாகவே மேட்டில் இடந்தருதல் அரசின் கடன்.

ஆகவே நாம் கேட்பன நான்கு. 1977, 2005 வெள்ளங்கள் எட்டிய மட்டத்தைத் தெருதோறும் கல்லில் பொறித்து நடுக. அம்மட்டத்திற்கு மேலேயே வீட்டின் தளம் அமைய ஆணையிடுக. பள்ளத்தை மண்ணிட்டு மேடாக்கினால் அண்டை வீடு மூழ்கும். ஆதலின் அத்தகைய இடங்களில் கட்டுவதாயின், நீர் அடியிற் செல்லுமாறு தூண்மேல் கட்டச் செய்க. ஒவ்வொரு மனைப்பிரிவின் நீர்வழி வரைபடத்தையும் நெறிமுறைகளையும் நல்ல தமிழில் எழுதி ஊராட்சிதோறும் மாநகர்க் கோட்டந்தோறும் மக்கள் முன் வைக்க.

அரசு செய்யுமளவும் நாம் வாளா இருத்தல் வேண்டா. மனை வாங்குமுன் அவ்வூர் முதியோரிடம் சென்று, அந்நிலத்தின் பழம்பெயர் யாதெனக் கேளுங்கள். ஏரி என்றோ ஓடை என்றோ படுகை என்றோ அவர் கூறுவாராயின், கொடுக்கவிருந்த முன்பணத்தை மடியிலேயே முடிந்துகொண்டு திரும்புங்கள்! தமிழ்ச்சொல் உங்கள் வீட்டைக் காக்கும். நீங்கள் தமிழ்ச்சொல்லைக் காப்பீர்களாக!