வங்கி அட்டையும் மைக்கறையும்

சட்டைப் பையிலே பேனாவும் வங்கி அட்டையும் ஒன்றாய் இருந்தால், என்றோ ஒருநாள் மை கசிந்து அட்டையிற் கறை படிவது இயல்பே. கறை அழகைக் கெடுக்குமேயன்றிப் பெரும்பாலும் அட்டையின் வேலையைக் கெடுப்பதில்லை. அவசரத்திற் செய்யும் துப்புரவே அதனைக் கெடுத்துவிடும்.

இவ்வட்டை பெரும்பாலும் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனது, தடிப்பு 0.76 மில்லிமீற்றர். நகப்பூச்சை அகற்றும் அசற்றோன் அப்பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். பாத்திரம் துலக்கும் தூளோ முன்புறத்துப் பொன்னிறத் தகட்டையும் பின்புறத்துக் காந்தப் பட்டியையும் கீறிவிடும்.

ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் நீரிற் கரைவது. சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியே அதற்குப் போதும். குமிழ்முனைப் பேனாவின் மையோ பசைத்தன்மை உடையது, நீருக்கு அசையாது. மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சிற் சிறிதளவு தொட்டு, கறைமேல் மட்டும் மெல்லத் துடைத்தல் வேண்டும். எளிதில் தீப்பற்றுவதாகையால் அடுப்பருகே ஆகாது. கையெழுத்துப் பட்டியிலும் அச்சிட்ட இலக்கங்களிலும் அது படலாகாது. நன்கு உலர்ந்த பின்னரே அட்டையைப் பொறியில் இடவேண்டும்.

நாட்பட்ட கறை பிளாஸ்டிக்கினுள் ஊறியிருக்கும். அதனோடு போராடுதல் வீண். இலக்கங்கள் மறைந்திருப்பின் வங்கியிற் புதிய அட்டை கேட்பதே நன்று.

மறதிக்கு அஞ்சி, இரகசிய இலக்கத்தை அட்டையிலேயே எழுதிவைக்கும் முதியோரும் உளர். அந்த மையைத் துடைத்தால் மட்டும் போதாது. பேனா அழுத்திய தடம் எஞ்சி நிற்கும். இலக்கத்தையே மாற்றிவிடுதல் வேண்டும். உழைத்துச் சேர்த்த பணத்துக்கு அதுவே காவல்.