கோமாரிக்கு எத்தனை எழுத்து?

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



திருக்கோவிலுக்கும் பொட்டுவிலுக்கும் இடையே, கடலோரமாக, கோமாரி என்றோர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயருக்கு எத்தனை எழுத்து என்று ஆண்டு இரண்டில் படிக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். விரலை மடக்கி, "கோ, மா, ரி, மூன்று" என்று சொல்லிவிடும். கையடக்கத் தொலைபேசியைக் கேட்டால் ஆறு என்கிறது. பாமினி எழுத்துருவில் பழகிய கையைக் கேட்டால் ஏழு என்கிறது. மூவரும் பொய் சொல்லவில்லை. ஒரு சின்னப் பெயருக்குள் இத்தனை கணக்கு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். போகப்போக அத்தனை வேடிக்கையாக இராது.

கையால் 'கோ' எழுதும்போது முதலிற் கொம்பு போடுகிறோம். பிறகு ககரம், பிறகு அரவு. தமிழ்த் தட்டச்சுப் பொறியும் இந்தக் கை வழக்கத்தையே பின்பற்றியது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தப் பொறிக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டும். கொம்பு, அரவு, புள்ளி என எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார்கள். புள்ளி விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளியின் கீழே வந்து அமரும். நாடா காயும், விசை சிக்கும், ஓரெழுத்து மட்டும் வரிக்கு மேலே துள்ளும். ஆனாலும், அடித்தது அடித்ததுதான். தாளைக் கையில் எடுத்த எவரும் அதை வாசிக்கலாம்.

கணனி வந்தபோது இந்த நிச்சயம் போய்விட்டது. நம் நாட்டுத் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. அது நல்ல சேவகன்தான். ஆனால், அது தமிழ் எழுத்தல்ல. ஆங்கில எழுத்தின் மேற் போர்த்திய தமிழ்ப் போர்வை. நீங்கள் 'அம்மா' என்று அடிக்கிறீர்கள். திரையிலும் அம்மா நிற்கிறாள். கணனியின் வயிற்றுக்குள்ளோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகிறது. அந்தப் போர்வை இல்லாத வேறொரு கணனியில் திறந்தால், அம்மாவைக் காணோம்; அரைப்புள்ளி மட்டும் கண் சிமிட்டுகிறது. பத்திரிகைக்கும் சஞ்சிகைக்கும் மின்னஞ்சலிற் கதை அனுப்பிய பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

இதற்கு மருந்தாக வந்தது ஒருங்குறி. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. போர்வை விலகி, தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே பதிவாயிற்று. இங்கே ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்த கை, இப்போது பல விசைப்பலகைகளில் ககரத்தை முதலில் அடிக்க வேண்டும். 'ஓ' ஒலிக்குரிய குறி ஒன்றாகச் சேர்ந்து பின்னால் வரும். பழைய முறை கண்ணைப் பின்பற்றியது. புதிய முறை காதைப் பின்பற்றுகிறது. இலக்கணம் படித்தவருக்கு இது இனிக்கும். இருபது வருடம் தட்டச்சுச் செய்த விரலுக்குக் கசக்கும்.

தொலைபேசி ஆறு என்று சொல்வதும் இதனாலேதான். ககரம், ஓகாரக் குறி, மகரம், ஆகாரக் குறி, ரகரம், இகரக் குறி என்பது அதன் கணக்கு. இந்தக் கணக்குக்கு விலையும் உண்டு. 1985இல் ஜேர்மனியில் ஹில்லபிராண்ட் என்ற பொறியியலாளர், மனிதர் சொல்ல விரும்புவதற்கு 160 எழுத்துகள் போதும் என்று கண்டார். குறுஞ்செய்தியின் அளவு அப்படி அமைந்தது. அது ஆங்கில எழுத்துக்கான அளவு. அதே பெட்டிக்குள் தமிழ் 70 குறிகளே கொள்ளும். அவற்றிலும் கொம்பும் விசிறியும் தனித்தனியாக இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போவது தமிழில் இரண்டு மூன்றாக உடைகிறது. நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் என்று கோபிக்கிறோம். காசுக் கணக்கும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

சரி, ஒருங்குறி வந்துவிட்டது, பழையவற்றை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றலாம். அங்கேதான் கோமாரி நம்மைத் தடுக்கி விழுத்துகிறது.

'ர' என்ற எழுத்துக்குக் கால் உண்டு. அதற்கு விசிறி போட்டு 'ரி' ஆக்கினால் அந்தக் கால் மறைந்துபோகும். மிஞ்சுவது அரவைப் போலவே இருக்கும். ஆகவே பாமினியில் 'ரி' எழுத அரவு விசையையே அடித்து, விசிறி போட்டுப் பழகினோம். 'ர்' எழுதுவதும் அப்படித்தான். கோமாரிக்குரிய ஏழு விசைகள் என்ன? பெரிய என், எஃப், எச், கே, எச், எச், பி. இவற்றில் மூன்று எச். முதல் இரண்டும் அரவு, மூன்றாவது ரகரம். வாசிக்கும் மனிதருக்கு இது தெரியும். மாற்றித் தரும் செயலி சற்று அசந்தால், மூன்றையும் அரவென்றே எழுதிவிடும்.

இதில் விபரீதம் என்னவென்றால், பிழை கண்ணுக்குத் தெரியாது. அரவின் மேல் விசிறி நின்றாலும் பார்வைக்கு 'ரி' போலத்தான் இருக்கும். நாம் கோமாரி என்று வாசித்துக்கொண்டு போவோம். கணனியிடம் 'கோமாரி எங்கே?' என்று கேட்டால், அப்படி ஒரு சொல்லே இங்கில்லை என்று அது கைவிரிக்கும். மாரிமுத்துவும் ஆசிரியரும் அதிகாரியும் அப்படியே காணாமற் போவார்கள். வலைத்தளத்திலே தேடினாலோ, கோமாரி என்ற ஊருக்கு முன்னால் கோமாரி என்ற மாட்டு நோய் வந்து நிற்கிறது. அது வேறு கதை.

எங்கள் கரையில் இதை வெறும் சில்லறைத் தொல்லையென்று தள்ளிவிட முடியாது. இங்கே தாள் நிலைப்பதில்லை. 1978 நவம்பரிற் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. பிறகு வந்த யுத்தகாலத்தில் ஊர் விட்டு ஊர் ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்களே தவிர, புத்தகங்களைத் தூக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலே வீட்டுக்குள் வந்தது. கோமாரியும் அதற்குத் தப்பவில்லை. கொப்பியில் இருந்த கவிதையும் பெட்டியில் இருந்த சஞ்சிகையும் அதோடு போயின. தாள் போனாலும் கணனியில் இருக்கிறதே என்று ஆறுதற்பட்டோம். அந்தக் கணனிப் பிரதிதான் இப்போது யாருக்கும் புரியாத எழுத்துக்குவியலாக, இயக்கும் பொறியே அருகிவிட்ட நெகிழ்வட்டுகளில் உறங்குகிறது. நனைந்த தாளை வெயிலிற் காயவைத்தாவது வாசிக்கலாம். திறக்காத வட்டை என்ன செய்வது?

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்திற் சேர்த்து வருகிறது. பெரும் பணி. ஆயினும், அச்சேறாமல் ஒருவரின் கணனியிலே தங்கிவிட்ட கதையை அவர்தானே எடுத்துக் கொடுக்க வேண்டும்?

ஆகவே நேயர்களே, பழைய வட்டுகள் வீட்டில் இருந்தால், திறக்கக்கூடிய ஒருவரிடம் இந்த வருடமே கொடுங்கள். ஒருங்குறிக்கு மாற்றியபின், 'ரி' வரும் சொல்லொன்றையும் 'ர்' வரும் சொல்லொன்றையும் நீங்களே விசைப்பலகையில் அடித்துத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், அரவு இருக்கும் இடங்களிலெல்லாம் பொறுமையாகத் திருத்துங்கள். ஒரு தாட்பிரதியும் எடுத்து, ஊர் நூலகத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று என வையுங்கள்.

இயந்திரம் ஆறென்றும் ஏழென்றும் எண்ணட்டும். அது அதன் கணக்கு. நாளைக்கு ஒரு பிள்ளை கோமாரி என்று மூன்றெழுத்தில் தேடும்போது, ஊரும் அந்த ஊர் எழுதியதும் அகப்பட வேண்டும். அது நம் கணக்கு.