கல்லான சங்கும் இறந்தகாலமும்

(வட்டார வள மையப் பயிற்சியில் ஆற்றிய உரை)



எங்கள் ரெட்டிபாளையம் பகுதியில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் இருப்பதால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்குப் போகும் அளவுக்குத் தமிழ் சீக்கிரம் வந்துவிடுகிறது. "குடு", "வேணும்", "எவ்வளவு?" அதோடு நின்றுவிடுகிறது. நேற்று என்ன நடந்தது என்று அவர்களிடம் தமிழில் யாரும் கேட்பதில்லை. அதனால் இறந்தகாலம் வாயில் வருவதில்லை. இறந்தகாலம் இல்லாமல் எந்தக் கதையைப் படிப்பது? ஐந்தாம் வகுப்புக்குள் இது சரியாகாவிட்டால் ஆறாம் வகுப்பில் பிள்ளை பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறது.

அருங்காட்சியகத்தை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம் நமக்குப் பக்கம். அங்கே நின்று பேசினால் இறந்தகாலத்தைத் தவிர்க்கவே முடியாது. "இங்கே கடல் இருந்தது. இது கடலில் வாழ்ந்தது. செத்தது. மண் மூடியது. கல்லானது." ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுக் கதை, ஐந்தே வினைச்சொல்.

ஒரு தமிழ்ப் பிள்ளை, ஒரு ஒடியாப் பிள்ளை என்று இணை சேர்த்தேன். மூன்று காட்சிப் பெட்டிகள் மட்டும் போதும் என்றேன். பலகையில் உள்ள அறிவியல் பெயர்களை எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதுவார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். நோட்டும் பென்சிலும் பேருந்திலேயே இருக்கட்டும்.

சங்கைக் கண்டதும் ஒடியாப் பையன் ஒருவன் "சங்க!" என்று கத்தினான். அவன் மொழியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். அதுவரை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நம்மூர்ப் பையன், "அப்போ மீனுக்கு என்ன?" என்று கேட்டான். "மாச்ச". பிறகு இருவரும் நிறுத்தவில்லை. சுருண்ட அம்மோனைட்டைப் பார்த்து ஒருத்தி "நத்தை" என்றாள். நான் திருத்தவில்லை. "நத்தை மாதிரி இருக்கு, ஆனா நத்தை இல்லை; கணவாய்க்குச் சொந்தம்" என்றேன். "மாதிரி", "இல்லை", "அதைவிடப் பெரியது" ஆகிய மூன்றும் அந்த ஒரு பெட்டியிலேயே வந்துவிட்டன. ழகரம் மட்டும் இன்னும் வரவில்லை. அது நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் வரவில்லை என்பது வேறு விஷயம்!

அங்கேயே இன்னொன்றும் சொன்னேன். சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி அந்தக் கடலின் சிப்பியும் ஓடும்தான். பல பிள்ளைகளின் அப்பாக்கள் தினமும் கையாள்வது அதைத்தான். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அனுமதி, பெற்றோர் ஒப்புதல் இரண்டையும் முன்கூட்டியே வாங்குங்கள். இரவுப் பணி முடித்துத் தூங்கும் தந்தையைப் பிடிக்க மாலை ஐந்து மணிதான் நேரம். அடுத்த பயணம் சாத்தனூருக்கு. அங்கே 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது. "நீளம்", "அகலம்" இரண்டையும் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

போய்வந்த அடுத்த வாரம் நான்காம் வகுப்பு ஒடியாச் சிறுமி ஒருத்தி காகிதத்தில் சுற்றிய கல்லை என் மேசையில் வைத்தாள். சிப்பியின் வரிகள் தெரிந்தன. "அப்பா கொண்டு வந்தாங்க டீச்சர். ரெண்டாவது பெட்டியில இது இருந்துச்சு" என்றாள்.